துணியில் தைத்த பெயர்



பாட்டியின் தாலிக்கொடி எத்தனை சவரன் என்பது நம் குடும்பங்களில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அதே பாட்டி பள்ளிச் சிறுமியாக இருந்தபோது தைத்த பூவேலைத் துணி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைக்காது. சில வீடுகளில் மட்டும் அது கண்ணாடிச் சட்டத்திற்குள் சுவரில் தொங்கும்; அல்லது பழைய பெட்டியின் அடியில் பட்டுச் சேலைகளுக்கு இடையே மடிந்து கிடக்கும்.

ஆங்கிலத்தில் இதனைச் ‘சாம்ப்ளர்’ என்பர். எடுத்துக்காட்டு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயர் இது. நாம் மாதிரித்துணி என்று சொல்லிக்கொள்ளலாம். வடிவங்களை அச்சிட்ட நூல்கள் அரிதாக இருந்த காலத்தில், பெண்கள் தாம் கண்ட தையல் வகைகளை மறவாதிருக்கத் துண்டுத் துணியில் தைத்து வைத்துக்கொண்டனர். பின்னாளில் அது சிறுமியருக்கான பள்ளிப் பயிற்சியாக மாறியது. மேலே எழுத்துகளும் எண்களும், நடுவே ஒரு வீடோ மரமோ, சுற்றிலும் பூக்கரை, அடியில் தைத்தவளின் பெயர், வயது, ஆண்டு. எழுத்துகளைத் தைக்கக் கற்பித்ததற்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. வீட்டுத் துணிகளில் உரிமையாளரின் முதலெழுத்துகளைத் தைத்து அடையாளமிடுவது அக்கால வழக்கம். அவ்வேலை தெரிந்த பெண்ணுக்குப் பெரிய வீடுகளில் பணி கிடைத்தது.

புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவருக்குக் குறுக்குத் தையலை விளக்க வேண்டியதில்லை. துணியின் இழைகளை எண்ணி, எண்ணிய இடத்தில் ஊசியை இறக்க வேண்டும். எண்ணிக்கை ஓரிடத்தில் தவறினால் வடிவம் முழுவதும் கோணிவிடும்.

ஆண்டு குறிக்கப்பட்டு இன்றுவரை எஞ்சியுள்ள மாதிரித்துணிகளில் மிகப் பழையதாக அறியப்படும் ஆங்கிலத் துணி, ஜேன் பாஸ்டாக் என்பவர் 1598இல் தைத்தது. இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் பிறந்த செய்தியை அது தாங்கியிருக்கிறது. ஒரு வீட்டுப் பிறப்புச் செய்தி நானூறு ஆண்டுகளுக்கு மேல் நூலிழையில் நிற்கிறது.

அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு துணியும் உண்டு. பூவோ பறவையோ அதில் இல்லை. சுமார் 1830இல் எலிசபெத் பார்க்கர் என்ற ஏழை வேலைக்காரப் பெண் சிவப்புப் பட்டு நூலால், வரிவரியாகத் தான் பட்ட துன்பங்களையெல்லாம் தைத்து வைத்தார். இறுதி வாக்கியம் முடியாமலே நின்றுவிடுகிறது. பணிவைப் பழக்குவதற்காகக் கையில் கொடுக்கப்பட்ட ஊசியாலேயே அவர் தம் கதையைச் சொன்னார். பெண்களுக்குத் தையல் கற்பித்ததில் அவர்களை அடக்கி வைக்கும் நோக்கமும் இருந்தது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நோக்கம் ஒன்றாகவும் விளைவு வேறாகவும் இருந்ததற்கு இத்துணியே சான்று.

இவ்வழக்கம் தமிழ்ப் பெண்களிடம் வந்தது சமயப் பரப்பாளர் நடத்திய பள்ளிகள் வழியாக. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் பள்ளிச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலிசா 1844இல் மணந்தது, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல்லை. தமிழாசிரியர்கள் பலரும் கால்டுவெல்லைக் கொண்டாடுவோம். இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் தொழிலையும் வளர்த்த எலிசாவை எத்தனை பேர் நினைக்கிறோம்? யாழ்ப்பாணத்தின் உடுவிலில் 1824இலேயே பெண்களுக்கான உறைவிடப் பள்ளி தோன்றியிருந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். லேஸ் விற்பனைக்குச் சென்றது. அதில் பின்னியவள் பெயர் இராது. மாதிரித்துணி விற்பனைக்கன்று, அதில் மட்டுமே சிறுமி தன் பெயரைத் தைத்தாள். சொத்துப் பத்திரத்திலும் கல்வெட்டிலும் இடம்பெறாத ஒரு பெண்ணுக்கு அவள் கையாலேயே ஆன ஆவணம் அதுவொன்றாகவே இருந்திருக்கலாம்.

நம் கோலாலம்பூருக்கு வருவோம். மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1896இல் தமிழ்ப் பெண்களுக்கான பள்ளியாகத் தொடங்கியது. தொடர்வண்டித் துறையில் பணியாற்ற யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறின. அவர்களின் முயற்சியால் 1904இல் விவேகானந்தா ஆசிரமமும் 1914இல் அதன் தமிழ்ப்பள்ளியும் எழுந்தன. எழுத்தறிவுள்ள தாய்மார்கள் அக்குடும்பங்களோடு வந்தனர். ஊசிவேலையும் அவர்களோடு வந்தது.

தைத்த பெயர் எவ்வளவு பெரிய செய்தியாகும் என்பதற்கு நமக்கு அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள், ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகளைத் தைத்தனர். தத்தம் சதுரத்தில் ஒவ்வொருவரும் தம் பெயரைப் பூத்தையலாக இட்டனர். மருத்துவமனைக்கென அனுப்பப்பட்ட அப்போர்வைகளைக் கண்டுதான், தனியே அடைபட்டிருந்த ஆண்கள் தம் மனைவியர் உயிரோடிருப்பதை அறிய முடிந்தது.

உங்கள் வீட்டிலோ, கிள்ளானில் இருக்கும் பெரியம்மா வீட்டிலோ இத்தகைய துணி இருக்குமானால் முதலில் அதன் பின்புறத்தைப் பாருங்கள். ஒளி படாத அப்பக்கத்தில்தான் நூலின் உண்மை நிறம் தெரியும். முடிச்சுகளைக் கொண்டு கை எவ்வளவு தேர்ந்தது என்பதையும் அறியலாம். தமிழ் எழுத்து தைக்கப்பட்டிருந்தால் அது தனிச் சிறப்புடையது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பல நேர்க்கோடுகளால் ஆனவை. கட்டத்துள் எளிதில் அடங்கும். நம் ‘ஐ’யையும் ‘ஞ’வையும் கட்டத்துள் வளைப்பது எளிதன்று. நம்பிக்கையில்லாதவர் கணக்கு ஏட்டின் கட்டத்தாளில் மாணவர்களை முயலச் சொல்லுங்கள்.

துணியைத் துவைக்க வேண்டா. பழைய சிவப்பு நூல் சாயம் விடும். வெயில் விழும் சுவரில் மாட்டக்கூடாது. அட்டையில் பசையிட்டு ஒட்டவும் கூடாது. நம் நாட்டு ஈரப்பதத்தில் நெகிழிப் பைக்குள் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெளுத்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுருட்டி வைப்பது நன்று. மடித்தால் மடிப்பிலேயே இழை அறும்.

தைத்தவர் பெயர், ஊர், பள்ளி, ஆண்டு ஆகியவற்றைத் தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். பெயரைக் கேட்கும்போது திருமணத்திற்குப் பின் வழங்கிய பெயரோடு நின்றுவிடாமல், பள்ளிப் பதிவேட்டில் இருந்த பெயரையும் தந்தையின் பெயரையும் கேளுங்கள். துணியில் இருப்பது அந்தப் பெயர்தான்.