நல்வழக்கு கண்டவர்கள்

பாரிசில் வாலாந்தேன் கோன்ரார் என்பவரின் வீட்டில் இலக்கிய அன்பர்கள் சிலர் கூடிப் பேசிவந்தார்கள். செய்தி பிரான்சின் முதலமைச்சர் ரிஷ்லியுவின் காதுக்கு எட்டியது. 1635-இல் அந்த நட்புக் கூட்டமே அரச சாசனம் பெற்று, நாற்பது உறுப்பினர் கொண்ட பிரெஞ்சு அகாதெமி ஆயிற்று. அகராதி, இலக்கணம், அணிநூல், கவிதையியல் என நான்கு நூல்களை இயற்றுவது அதன் கடமை என விதி வகுக்கப்பட்டது.

அகராதிப் பணியை முன்னின்று நடத்தியவர் வோஜ்லா. 1585-இல் அவர் பிறந்த மெக்சிமியு அன்று சவோய் ஆட்சியில் இருந்த ஊர். 1601-இல்தான் அப்பகுதி பிரான்சுடன் இணைந்தது. எல்லைக்கு வெளியே பிறந்த அவர், அரசவையில் பல ஆண்டுகள் இருந்து, யார் எதை எப்படிச் சொல்கிறார்கள் என்று செவிமடுத்துக் குறித்துவைத்தார். 1647-இல் அக்குறிப்புகள் நூலாயின. அரசவைச் சான்றோரின் பேச்சும் தேர்ந்த எழுத்தாளர்களின் எழுத்தும் ஒத்துப்போகுமிடமே நல்வழக்கு என்றார். தாம் விதி செய்பவரல்லர், வழக்குக்குச் சாட்சி மட்டுமே என்றும் சொன்னார். சாதாரண மக்களின் பேச்சை அவர் ஒதுக்கியது பெருங்குறைதான். ஆனால், இலக்கணிக்குச் சாட்சியின் அடக்கம் வேண்டும் என்று காட்டியவர் அவரே.

வோஜ்லா 1650-இல் மறைந்தார். அகராதியோ 1694-இல்தான் வெளிவந்தது. இதற்கிடையே தனியாக அகராதி தொகுத்த தன் உறுப்பினர் ஃபுரெத்தியேரை அகாதெமி 1685-இல் நீக்கிவிட்டது. அவர் இறந்தபின், 1690-இல் அவருடைய அகராதி ஹாலந்தில் அச்சாகி முந்திக்கொண்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793-இல், அகாதெமியே கலைக்கப்பட்டுப் பின்னர் உயிர்பெற்றது. விதியில் சொன்ன இலக்கண நூல் வர 1932 ஆயிற்று. மொழிவரலாற்று அறிஞர் ஃபெர்தினான் புருனோ அதன் பிழைகளை எடுத்துக்காட்டித் தனி நூலே எழுதினார்.

அகாதெமி தரமுடியாததைத் தந்தவர் ஒரு பெல்ஜியப் பள்ளி ஆசிரியர். கொல்லர் ஒருவரின் மகனான மோரிஸ் கிரெவிஸ், நாமூர் நகரில் பாடம் நடத்துவதற்காகச் சேர்த்த குறிப்புகளை நூலாக்கினார். அவர் முதலில் நாடிய பதிப்பகம் ஏற்கவில்லை. ஜாம்ப்லூ என்ற சிற்றூரின் துக்குலோ அச்சகம் 1936-இல் அதை வெளியிட்டது. வோஜ்லாவின் சொல்லான 'நல்வழக்கு' என்பதே அதன் தலைப்பு. ஒவ்வொரு விதிக்கும் எழுத்தாளர்களின் உண்மையான வாக்கியங்களை அடுக்கினார்; விதியை மீறிய பெரிய எழுத்தாளர்களையும் மறைக்கவில்லை. இந்த நேர்மையே நூலுக்குப் பெருமை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் எழுத்தாளர் ஆந்த்ரே ஜீது அதை மனமாரப் பாராட்டியபின் பாரிசும் ஏற்றுக்கொண்டது. 1986-இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு முதல் கிரெவிசின் மருமகன் ஆந்த்ரே கூஸ் அதைத் திருத்தி வளர்த்தார்.

அகாதெமி தன் ஒன்பதாம் பதிப்பு அகராதியை 2024-இல் நிறைவுசெய்தது. பிரெஞ்சு பயிலும் மாணவர்கள் அதனருகில் கிரெவிசின் நூலையும் வைத்துக்கொள்ள வேண்டும். விதியோடு நிறுத்திவிடாமல் அதன் கீழுள்ள மேற்கோள்களையும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.