பிடி அரிசியும் சாதிச் சான்றிதழும்

எங்கள் ஆயாவுக்கு இரண்டு பெயர்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைச் சொல்லித்தான் தெருவில் எல்லாரும் கூப்பிட்டார்கள். குடும்ப அட்டையில் இருந்தது வேறு பெயர். இரண்டில் எதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாருக்கு என்ன ஆகும் என்ற பயத்தின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு காலனி எங்களுடையது. நடவு, களை, அறுப்பு என்று ஆயா பிறர் நிலத்தில் கூலிக்குப் போனாள். உலையில் அரிசியைப் போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள்; ஞாயிற்றுக்கிழமை அது சபைக்குப் போகும். அரிசி குறைந்த நாளில் பிடி சிறுத்துவிடும், ஆனால் எடுக்காமல் விட்டதில்லை. ஞாயிறு காலை நடவுக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்பாள். அன்றைய கூலி போய்விடும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவளுடைய கிறிஸ்தவம் அந்தப் பிடி அரிசியிலும் அந்த ஒரு நாள் மறுப்பிலும் இருந்தது.

பள்ளியில் எங்களை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கல்வெட்டுகளைக் காட்டினார்கள். முதலாம் பராந்தகன் காலத்தவை; ஆண்டு 919, 921. முப்பது குடும்புகள், குடவோலை முறை, நம் ஊர்ப் பெருமை என்று சொல்லிக்கொடுத்தார்கள். யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். 921ஆம் ஆண்டு விதியின்படி வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். தன் சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். பெண் கூடாது என்று எழுத வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை.

சொந்த மனை என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். 970 ஆண்டுகள் கழித்து, 1891இல், செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். சேரி மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம் என்ற நிலை அதில் பதிவாயிற்று. செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ போன்றவர்களும் நிலம் கேட்டு அரசை நெருக்கினார்கள். 1892இல் பிறந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு வழி. இந்த வரலாற்றில் கலெக்டர் பேசுகிறார், பாதிரியார் பேசுகிறார், மிராசுதார் பேசுகிறார். சேற்றில் நின்ற பெண்கள் ஏன் அந்தச் சாமியை ஏற்றார்கள் என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதியதை நான் படித்ததில்லை. ஆயாவைக் கேட்டிருக்கிறேன். "அங்க போனா உக்காருன்னு சொன்னாங்க" என்றாள்.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் வெளியேதான். தமிழ்நாட்டில் மதம் மாறிய எங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். தெரு மாறவில்லை, வேலை மாறவில்லை, ஊர்க்காரர் கூப்பிடும் விதமும் மாறவில்லை. காகிதத்தில் மட்டும் சாதி போய்விட்டது. அதனால்தான் ஆயாவுக்கு இரண்டு பெயர்.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்தது. 2016 சட்டத்தில் அது பாதியானது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது, எங்கள் உறவில் ஒருத்தி பட்டியல் சாதிப் பெண்களுக்கான வார்டில் நிற்க ஆசைப்பட்டாள். தண்ணீர்க் குழாய்க்காக நாலு வருஷம் அலைந்தவள். வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபத்தை நடத்துபவளும் அவள்தான். சுவரிலிருந்த வசனக் காலண்டரை ஒரு வாரம் கழற்றி வைத்தாள். பிறகு மாட்டிவிட்டாள். மனு போடவில்லை. "யாராவது போட்டோ எடுத்து நீட்டுனா என்னக்கா செய்வேன்?" என்றாள்.

அவள் பயம் வீண் இல்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் ஞானஸ்நானம் பெற்றவர், தவறாமல் தேவாலயம் போகிறவர். ஆகவே இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்றது. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் அப்படிச் சொல்வது அரசியலமைப்புக்கே செய்யும் மோசடி என்றும் சொன்னது. ஒரு பெண் வாராவாரம் எங்கே போய் முழங்காலிடுகிறாள் என்பது அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

சபையிலும் ஆயாவுக்குப் பெயர் இல்லை. கூட்டினாள், தண்ணீர் சுமந்தாள். மூப்பர் பலகையில் ஆண்கள் பெயர். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆயாவின் பானை இப்போது என் வீட்டில் இருக்கிறது. நான் அரிசி எடுத்து வைப்பதுண்டு. என் மகள் பள்ளியில் சாதிச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். எந்தப் பெயரில் விண்ணப்பிப்பது என்று நேற்று இரவு என்னைக் கேட்டாள்.