குளிர்ந்த கடலில் கயாக் மீன்பிடிப்பு: ஒரு பாதுகாப்பு வரலாறு

1932 ஆகஸ்ட் 20. கிழக்கு கிரீன்லாந்தில் லேக் ஃபியர்ட் என்ற இடம். ஜினோ வாட்கின்ஸ் என்ற 25 வயது ஆங்கிலேயர் தன் கயாக் படகில் தனியாக சீல் வேட்டைக்குக் கிளம்பினார். அவருடைய ஆய்வுக் குழுவின் சாப்பாடு பெரும்பாலும் வேட்டையை நம்பித்தான் இருந்தது. பிறகு அவருடைய தோழர்கள் கண்டது, தண்ணீர் நிரம்பி மிதந்து கொண்டிருந்த கயாக்கை மட்டும்தான். ஒரு பனிக்கட்டிப் பாளத்தின் மேல் அவருடைய நனைந்த கால்சட்டையும் இடுப்புப் பட்டையும் கிடந்தன. உடல் கடைசி வரை கிடைக்கவில்லை.

வாட்கின்ஸ் கடலுக்குப் புதியவர் அல்ல. 1930-31ல் ஒரு பெரிய ஆய்வுப் பயணத்துக்கே தலைமை தாங்கியவர். கவிழ்ந்த கயாக்கை உள்ளே உட்கார்ந்தபடியே நிமிர்த்தும் வித்தையை கிரீன்லாந்து மக்களிடமே கற்றுக்கொண்டவர். அப்படிப்பட்டவரையும் கடல் கொண்டு போய்விட்டது. அன்று என்ன நடந்தது என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம்: அவர் தன் படகை விட்டுப் பிரிந்திருந்தார். உறைபனிக் கடலில் படகை விட்டுப் பிரிவது என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள, கயாக்கின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

தோலால் ஆன படகு

கயாக் இன்று ஒரு விளையாட்டுச் சாதனம். ஆனால் அது பிறந்தது சோற்றுக்காக. கிரீன்லாந்து, வட கனடா, அலாஸ்கா, அலூஷியன் தீவுகள் ஆகிய இடங்களில் வாழ்ந்த இனுயிட், அலூட் போன்ற மக்கள் அதை வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உருவாக்கினார்கள். மரங்கள் வளராத ஊர்கள் பல. கடல் அடித்துக்கொண்டு வந்து போடும் மரத்துண்டுகளை வைத்துச் சட்டம் கட்டி, அதன் மேல் கடல் விலங்குகளின் தோலைப் போர்த்தித் தைத்துவிடுவார்கள். ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் மேலே ஒரு துளை இருக்கும்.

அலூட் மக்கள் இந்தப் படகில் போய் ஹாலிபட் மீன் பிடித்தார்கள். தட்டையான, மிகப் பெரிய மீன் அது. ஆளைவிடக் கனமானதும் உண்டு. அதை உயிரோடு படகில் ஏற்றினால் துள்ளும் துள்ளலில் படகே கவிழ்ந்துவிடும். அதனால் முதலில் தடியால் அடித்துக் கொன்று, பிறகுதான் ஏற்றுவார்கள். படகுக்குள் வரும் தண்ணீரை வாயால் உறிஞ்சி வெளியேற்ற ஒரு மரக்குழாயும் வைத்திருந்தார்கள். புயல் வந்தால் பல படகுகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரே மிதவை போல ஆக்கிக்கொள்வார்கள். இவை எல்லாமே பாதுகாப்பு ஏற்பாடுகள்தான்.

நீச்சல் தெரியாத மாலுமிகள்

இவ்வளவு கடலோடு வாழ்ந்த மக்களில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது! கேட்க வியப்பாக இருக்கலாம். ஆனால் யோசித்தால் காரணம் புரியும். உறைநிலைக்கு அருகில் இருக்கும் தண்ணீரில் எங்கே போய் நீச்சல் பழகுவது? பழகினாலும் அது எத்தனை நிமிடம் உதவும்?

அதனால் அவர்கள் வேறு வழி பார்த்தார்கள். தண்ணீரில் விழுந்த பிறகு என்ன செய்வது என்று யோசிப்பதை விட, தண்ணீர் உடம்பைத் தொடாமல் இருக்க என்ன செய்வது என்று யோசித்தார்கள். கிரீன்லாந்தில் 'துயிலிக்' என்ற சீல் தோல் மேலங்கி அப்படி வந்ததுதான். தலையை மூடும் முக்காடு முகத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டப்படும். கைகளும் மணிக்கட்டில் கட்டப்படும். அங்கியின் கீழ் விளிம்பு கயாக்கின் துளையைச் சுற்றியுள்ள வளையத்தோடு சேர்த்து இறுக்கப்படும். இப்போது மனிதனும் படகும் ஒரே பொருள். படகு தலைகீழாகப் போனாலும் முகமும் கைகளும் மட்டும்தான் நனையும்.

கவிழ்ந்த படகைத் துடுப்பால் நிமிர்த்துவது அடுத்த கலை. 1761-62ல் கிரீன்லாந்தில் தங்கியிருந்த டேவிட் க்ரான்ட்ஸ், 1765ல் வெளிவந்த தன் வரலாற்று நூலில் இப்படி எழுவதற்கான பத்து வகைப் பயிற்சிகளைப் பட்டியலிட்டிருக்கிறார். ஏன் இத்தனை வகை? சீலை எறிந்து குத்தும் ஈட்டியோடு ஒரு நீண்ட கயிறு இருக்கும். அடிபட்ட விலங்கு ஓடும்போது அந்தக் கயிறு ஆளின் கையிலோ துடுப்பிலோ சிக்கிக்கொண்டால் படகு கவிழும். துடுப்பு கைவிட்டுப் போகலாம், ஒரு கை கட்டுண்டு போகலாம். ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு பயிற்சி வேண்டியிருந்தது. பக்கத்தில் இன்னொரு கயாக் இருந்தால் அதன் முனையைப் பிடித்தும் எழலாம்.

இத்தனை இருந்தும் கயாக் விபத்துகள் கிரீன்லாந்து ஆண்களின் சாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாகவே இருந்து வந்தன.

குளிர் எப்படிக் கொல்கிறது?

அந்த மக்கள் அனுபவத்தில் அறிந்ததை அறிவியல் புரிந்துகொள்ள வெகு காலம் ஆனது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது கடல் நீர் சுமார் -2 டிகிரி செல்சியஸ். சுமார் 1500 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் உயிர்காப்பு அங்கி அணிந்து மிதந்து கொண்டிருந்தவர்கள். மிதந்தவர்கள் ஏன் செத்தார்கள் என்ற கேள்வியை அன்று யாரும் ஆழமாகக் கேட்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. 1946ல் பிரிட்டனின் டால்பட் குழு, போரில் இறந்த கடற்படையினரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் கப்பலை விட்டு வெளியேறிய பிறகே இறந்திருக்கிறார்கள் என்று கண்டது. குண்டுக்குத் தப்பியவர்களைக் கடல் கொன்றிருக்கிறது.

பின்னர் ஃபிராங்க் கோல்டன், மைக் டிப்டன் போன்ற ஆய்வாளர்கள் இதை நிலை நிலையாகப் பிரித்துக் காட்டினார்கள். குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தவுடன் உடம்பு தானாகவே ஒரு பெரிய மூச்சை இழுக்கிறது. அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. அடுத்த சில நிமிடங்கள் மூச்சு தாறுமாறாக ஓடும். சாதாரணமாக ஒரு நிமிடம் மூச்சடக்குபவரால் பத்து வினாடி கூட அடக்க முடியாமல் போகலாம். அதைத் தாண்டினால் கை கால் தசைகள் குளிர்ந்து செயலிழக்கும். நல்ல நீச்சல்காரரும் இந்தக் கட்டத்தில் மூழ்கிவிடுவார். எல்லோரும் பயப்படும் உடல் வெப்பக் குறைவு வருவது இதற்கெல்லாம் பிறகுதான், அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆன பின்பு.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை '1-10-1' என்று சுருக்கிச் சொன்னார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டு வர 1 நிமிடம். கை கால் பயன்படும் காலம் 10 நிமிடம். நினைவு தப்ப 1 மணி நேரம். உயிர்காப்பு அங்கி போட்டிருந்தால்தான் இந்தக் கணக்கே பொருந்தும். இல்லாதவருக்கு முதல் நிமிடமே கடைசி நிமிடமாகலாம்.

இப்போது துயிலிக் அங்கியை நினைத்துப் பாருங்கள். உடம்பில் குளிர்நீர் படாவிட்டால் அந்த அதிர்ச்சி பெருமளவு குறையும். மூச்சு நிலைத்தால் படகை நிமிர்த்த நேரம் கிடைக்கும். ஆய்வுக்கூடம் கண்டுபிடித்ததை ஊசியும் நரம்பு நூலும் பல தலைமுறைகளுக்கு முன்பே செய்து வைத்திருந்தன.

படகு வந்தது, அங்கி வரவில்லை

ஐரோப்பியர்கள் கயாக்கை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். 1927ல் எடி ஹான்ஸ் பாவ்லட்டா என்ற ஆஸ்திரியர் புத்தகங்களைப் படித்தே படகை நிமிர்த்தும் வித்தையைக் கற்றுக்கொண்டார். ஆனால் படகோடு சேர்ந்திருந்த எச்சரிக்கை உணர்வு எல்லோரிடமும் போய்ச் சேரவில்லை.

அதற்கு விலை 1993 மார்ச் 22 அன்று கொடுக்கப்பட்டது. இங்கிலாந்தின் லைம் வளைகுடாவில் ஒரு சாகச விளையாட்டு மையம் மாணவர்களைக் கயாக்கில் அழைத்துச் சென்றது. துளையை மூடும் உறை கூட அந்தப் படகுகளில் இல்லை. அலை உள்ளே புகுந்து படகுகள் கவிழ்ந்தன. உதவி கேட்க வெளிச்சக் குண்டுகளும் இல்லை. மணிக்கணக்கில் தண்ணீரில் கிடந்ததில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். பாதுகாப்புக் குறைகளைப் பற்றி அங்கு முன்பு வேலை செய்தவர்கள் எழுத்து மூலமாகவே எச்சரித்திருந்தார்கள் என்பதுதான் கொடுமை. 1994ல் அந்த நிறுவனமே மரணத்துக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து 60,000 பவுண்டு அபராதம் விதித்தது. இங்கிலாந்தின் சட்ட வரலாற்றில் இப்படித் தண்டிக்கப்பட்ட முதல் நிறுவனம் அது. நிர்வாக இயக்குநர் சிறைக்குப் போனார். 1995ல் இத்தகைய மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டமும் வந்தது. செலவுக் கணக்கில் மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரு வரி உண்டு என்பதை நான்கு உயிர்கள் போன பிறகே சட்டம் எழுதி வைத்தது.

கட்டுமரமும் பிளாஸ்டிக் கயாக்கும்

இன்று கயாக்கில் மீன் பிடிப்பவர்கள் அதிகம் பயன்படுத்துவது, மேலே அமர்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் படகு. 1970களில் கலிபோர்னியாவில் பரவத் தொடங்கிய வகை இது. உள்ளே இறங்கும் துளை கிடையாது. மேலே வரும் தண்ணீர் ஓட்டைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். விழுந்தாலும் மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

நம்மூர் கட்டுமரமும் இதே தத்துவம்தான். தண்ணீர் மரங்களுக்கு இடையே வந்து போகும், ஆள் நனைந்துகொண்டே வேலை செய்வார், மரம் மூழ்காது. வெதுவெதுப்பான வங்கக் கடலுக்கு அது பொருத்தமான ஏற்பாடு. ஆனால் அதே தத்துவத்தை ஸ்காட்லாந்துக்கோ நார்வேக்கோ கொண்டு போனால், படகு மனிதனைக் காப்பதில்லை. அவன் உடைதான் காக்க வேண்டும்.

அதனால்தான் குளிர்கடல் மீனவர்களுக்கு முதலில் சொல்லித் தரப்படுவது 'வெயிலைப் பார்த்து உடுத்தாதே, தண்ணீரைப் பார்த்து உடுத்து' என்பது. வசந்த காலத்தில் கரையில் வெயில் அடிக்கும், கடல் மட்டும் குளிர்காலத்திலேயே இருக்கும். 1952ல் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் உருவாக்கிய நியோபிரீன் உடையும், தண்ணீரே புகாத டிரை சூட்டும் இன்றைய துயிலிக் அங்கிகள். உயிர்காப்பு அங்கி படகில் கிடந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் படகு விபத்துகளில் மூழ்கி இறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அதை அணியாதவர்கள் என்பதை அந்நாட்டுக் கடலோரக் காவல்படையின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன.

மற்றவையும் பழைய பாடங்களே. ஈட்டிக் கயிறு போய் நங்கூரக் கயிறும் தூண்டில் நரம்பும் வந்திருக்கின்றன. சிக்கினால் அறுக்க, கை எட்டும் இடத்தில் ஒரு கத்தி வேண்டும். வானொலிக் கருவியைப் படகில் கட்டாமல் உடம்பில் கட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் படகு காற்றில் போய்விடும். துணையோடு போக வேண்டும். திரும்பி வரும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கவிழ்ந்து ஏறும் பயிற்சியைக் கரையோரத்திலேயே பல முறை செய்து பார்த்திருக்க வேண்டும்.

கிரீன்லாந்தின் வடக்கே கானாக் பகுதியில் இன்றும் நார்வால் திமிங்கிலத்தைக் கயாக்கில் இருந்தே வேட்டையாடுகிறார்கள். நாட்டின் மற்ற பகுதிகளில் இயந்திரப் படகு வந்த பிறகு மறையத் தொடங்கிய நிமிர்த்தும் கலையை 1980களில் கயாக் சங்கம் அமைத்து மீட்டெடுத்தார்கள். இப்போது ஆண்டுதோறும் போட்டி நடக்கிறது. கை கட்டுண்டது போல வைத்துக்கொண்டு எழும் முறைகளும் அந்தப் போட்டியில் உண்டு. கயிறு சுற்றித் திரும்பி வராமல் போனவர்களின் நினைவு அந்த விளையாட்டுக்குள் இருக்கிறது.