சென்னோசைடு: படிநிலை வினைகள்
எட்டயபுரம் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தில் மானாவாரியாக விளையும் நிலாவரைக்கு உலகச் சந்தையில் ‘தின்னவேலி சென்னா’ என்று பெயர். உள்ளூரில் அவுரி என்பார்கள். நீலச்சாய அவுரி வேறு. இதன் இலையிலும் காயிலும் உள்ள சென்னோசைடில் கார்பன் 42, ஹைட்ரஜன் 38, ஆக்சிஜன் 20. பெருங்குடலில் அது என்னவாகும் என்பதை அணுக்களை எண்ணியே சொல்லிவிடலாம். பாக்டீரிய நொதிகள் 2 நீர் மூலக்கூறுகளைச் சேர்த்து 2 குளுக்கோஸைக் கழற்றுகின்றன. நீரைக் கணக்கில் விட்டால் விடை தப்பும். மிஞ்சுவது சென்னிடின்: கார்பன் 30, ஹைட்ரஜன் 18, ஆக்சிஜன் 10. அடுத்து ஒடுக்கம், இரு பாதிகளை இணைத்த பிணைப்பு அறுந்து, பாதிக்கு ஒரு ஹைட்ரஜன் ஏறி, 2 ரெயின் ஆந்த்ரோன் கிடைக்கும். படிகள் முன்பின் மாறினாலும் கடைசி விளைபொருள் இதுவே. பேதியாக்குவதும் இதுதான்; இது பெருங்குடலை எட்டிய பிறகே உருவாகிறது, அதனால்தான் இரவில் குடித்த நிலாவரைக் கஷாயம் விடிந்த பிறகே வேலை செய்கிறது.