கட்டை அவிழ்த்துக் காட்டு: வெண்மணி மண்ணும் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையும்



1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரின் நினைவாக வேளாங்கண்ணியில் கூடியிருக்கிறோம். வழக்கமாக இந்த மேடையில் கூலியைப் பற்றி, நிலத்தைப் பற்றி, இலக்கியத்தைப் பற்றிப் பேசுவோம். இன்று காகிதத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். நம் வாழ்வைத் தீர்மானித்த பதிவேடுகள் யார் கையில் இருந்தன, அவற்றைப் பார்க்கும் உரிமை நமக்கு எப்போது வந்தது, இப்போது அது எந்த வழியாகப் பறிபோகிறது என்பதே இந்த உரையின் பொருள்.

வெண்மணியிலிருந்தே தொடங்குவோம். 44 பேர் மாண்டது அரசுத் தாள்களில் பதிவாகியிருக்கிறது. கொன்றவர் யார் என்பது சட்டத்தின் பதிவில் இன்றுவரை வெற்றிடம். 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை அந்தத் தீர்ப்பு நம்ப மறுத்தது. ஒரு ஆவணத்தில் எது ஏறுகிறது, எது ஏறாமல் போகிறது என்பது நமக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதற்கு வெண்மணியே போதிய சான்று.

கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணை

டெல்டாவில் ஒரு கிராமத்தின் நிலக் கணக்கு எங்கே இருந்தது? அலுவலகத்தில் அல்ல, கர்ணம் என்கிற கணக்குப்பிள்ளையின் வீட்டில். அந்த வீடு ஊர்த்தெருவில் இருந்தது. சேரியிலிருந்து போகிறவர் திண்ணைக்குக் கீழே நின்றுதான் பேச முடியும். அடங்கலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதே துணிச்சல். தாக்கீது கொண்டு போனவரும் தண்டோரா போட்டவரும் நம்மவர். கணக்குக் கட்டை அவிழ்த்துப் பார்க்கும் உரிமைதான் நமக்கு இல்லை.

1924இல் சென்னை சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றோடு பொது அலுவலக வளாகங்களுக்குள்ளும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் வருவதற்குத் தடையில்லை என்றது அது. ரெட்டைமலை சீனிவாசனும் ஆர். வீரையனும் உறுப்பினர்களாக இருந்த அவை அது. தகவல் உரிமையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2005இல் தொடங்குகிறார்கள். நாம் 1924இல் தொடங்க வேண்டும். தாளைக் கேட்பதற்கு முன்னால் அந்தத் தாள் இருக்கும் கட்டடத்துக்குள் கால் வைக்கவே நமக்குத் தீர்மானம் தேவைப்பட்டது. ஆனால் கணக்குப்பிள்ளை வீடு பொது அலுவலகம் அல்லவே. தீர்மானம் அந்தத் திண்ணையைத் தொடவில்லை.

பின்னால் நல்ல சட்டங்கள் வந்தன. 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். வெண்மணிக்குப் பிறகு 1969இல் நியாயக் கூலிச் சட்டம். அதே ஆண்டில் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். 1971இல் குடியிருப்பு மனைகளை அவற்றில் வாழ்ந்தவர்களுக்கே உரிமையாக்கிய சட்டம். ஒவ்வொன்றும் நம்மிடம் ஒரு சான்றைக் கேட்டது. நீ பண்ணையாள்தானா? இந்த நிலத்தை நீதான் சாகுபடி செய்தாயா? இந்த மனையில் அப்போது நீ குடியிருந்தாயா? பதில் மிராசுதாரின் பண்ணைக் கணக்கிலும் கர்ணத்தின் கட்டிலும் இருந்தது. சட்டம் நம் பக்கம் நின்றாலும் சான்று எதிரியின் வீட்டில் இருந்தது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு, பெரும்பாலும் வழிவழியாக வந்த பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை அவசரச் சட்டம் கொண்டுவந்து ஒழித்தது. பிறகு தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்களிடம் கணக்குகள் ஒப்படைக்கப்பட்டன. டெல்டாவின் சமூக வரலாற்றில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நம் ஆய்வுகள் இன்னும் போதிய அளவு பேசவில்லை.

புதுப்பித்ததில் போனது

கட்டு கை மாறிய அதே காலத்தில் கட்டுக்குள் இருந்த எழுத்தும் மாறியது. 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஊரில் யு.டி.ஆர். என்றால்தான் தெரியும். பழைய பதிவுகளைச் சரிபார்த்து, அனுபவத்தில் இருப்பவர் பெயருக்குப் பட்டாவைப் புதுப்பிப்பது அதன் நோக்கம்.

பஞ்சமி நிலத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு நிலம் தரப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும். இந்த நிபந்தனை உயிரோடு இருப்பது பழைய ‘அ’ பதிவேட்டின் குறிப்புக் கலத்தில்தான். யு.டி.ஆர். எழுதியபோது பல இடங்களில் அந்தக் குறிப்பு விடுபட்டுப் போனது என்பது நில மீட்பு இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. இன்று இணையத்தில் நாம் பார்க்கும் பட்டாவும் ‘அ’ பதிவேட்டு விவரமும் யு.டி.ஆரின் வாரிசுகள். அவற்றை மட்டும் பார்க்கிறவருக்குப் பஞ்சமி என்ற சொல்லே கண்ணில் படாமல் போகலாம்.

1994 அக்டோபர் 10 அன்று பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். பழைய பதிவேட்டின் ஒரு குறிப்புக்கு நாம் கொடுத்த விலை அது.

திறந்த கதவும் மூடும் கதவும்

இந்தியாவில் முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 1997இல் வந்த அந்தச் சட்டம் விதிவிலக்குகள் நிறைந்தது. 2005 அக்டோபர் 12 முதல் நடுவண் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு கூலித் தொழிலாளி பதிவேட்டைக் காட்டச் சொல்லலாம், குறிப்பெடுக்கலாம், சான்றிட்ட நகல் வாங்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் கட்டணமும் கட்ட வேண்டாம். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக் கூடாது. திண்ணைக்குக் கீழே நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இது சாதாரண மாற்றம் அல்ல.

அந்தக் கதவு இப்போது பாதி சாத்தப்பட்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு, பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட தகவலை மட்டுமே மறுக்கலாம். பொதுநலன் பெரிதாக இருந்தால் அதையும் கொடுக்கலாம். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் இருந்தது. இவை நீக்கப்பட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கப்பட்டுவிட்டது.

அந்தரங்கம் நமக்கும் தேவை. சாதிச் சான்றிதழும் ஆதார் எண்ணும் ஊர் முழுக்கச் சிதறுவதை நாம் விரும்பவில்லை. ஆனால் பஞ்சமி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது அந்தரங்கமா? வீட்டுமனை ஒப்படைப்பில் பயனாளி யார் என்பது அந்தரங்கமா? பெயரை மறைத்தால் அபகரிப்பும் மறைந்துவிடும்.

இங்கே மாணவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. திருத்தம் தொடாத இரண்டு பிரிவுகள் சட்டத்தில் மிச்சமிருக்கின்றன. 8(2): காக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம். 8(3): விண்ணப்பிக்கும் நாளுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒன்றைப் பற்றிய தகவலைக் கொடுத்தாக வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைத் தாள்கள் ஆகியவற்றுக்கே அதில் விலக்கு. தனிநபர் தகவல் என்பது அந்த விலக்கில் இல்லை. 1892 முதல் யு.டி.ஆர். வரை, வெண்மணிக் கோப்புகள் வரை, எல்லாமே இருபது ஆண்டுகளைத் தாண்டியவை. விண்ணப்பத்தில் 8(3) என்று வெளிப்படையாக எழுதுங்கள். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல். அதற்கு முந்தைய கோப்பு தஞ்சாவூரில் இருக்கலாம். இங்கே இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. 6(3)இன்படி உரிய அலுவலகத்துக்கு அவர்களே ஐந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

கடற்கரைப் பட்டியல்

கடைசியாக இந்த ஊருக்கு வருகிறோம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரிகர்களும் அவர்களில் உண்டு. நிவாரணப் பட்டியல்களில் தலித் கூலித் தொழிலாளர்கள் விடுபட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. தகவல் உரிமைச் சட்டம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு எழுதப்பட்ட பட்டியல்கள் அவை. இப்போது அவற்றுக்கும் இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. யார் பெயர் ஏறியது, யார் பெயர் எந்தக் காரணத்தால் நீக்கப்பட்டது என்று இன்று 8(3)இன் கீழ் கேட்கலாம்.

ஆனால் அந்தக் கோப்பு இருக்கிறதா? அரசு அலுவலகங்களில் ஒரு கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளும் தீர்மானிக்கப்படுகிறது. ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று வகை பிரிப்பார்கள். காலம் முடிந்தால் கழித்துவிடுவார்கள். கதவு திறப்பது இருபதாம் ஆண்டில். கோப்பு கழிவது பத்தாம் ஆண்டில். நம் வரலாறு இந்த இடைவெளியில்தான் சத்தமில்லாமல் எரிகிறது.

ஆகவே, நிலம் மீட்கும் கோரிக்கையோடு மூன்று கோரிக்கைகளைச் சேர்க்கிறோம். நில ஒப்படைப்பு, மனைப்பட்டா, வன்கொடுமை வழக்கு, பேரிடர் நிவாரணம் பற்றிய கோப்புகள் அனைத்தும் நிரந்தர வகையில் சேர்க்கப்பட வேண்டும். யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேடுகள் நகலெடுக்கப்பட்டு இணையத்தில் ஏற வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே) பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும்.

இவை நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டாம். மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் கிராமத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். பழைய ‘அ’ பதிவேட்டைக் காட்டுங்கள் என்பது முதல் கேள்வி. ஆழிப்பேரலைப் பட்டியல் எந்த வகையில் மூடப்பட்டது, கழிக்கப்பட்டிருந்தால் எந்த நாளில், யார் உத்தரவில் என்பது இரண்டாவது. இல்லை என்ற பதிலும் சான்றிட்ட ஆவணம்தான். அதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வெண்மணி ஈகியருக்கு நம் வணக்கம்.