பத்தாண்டு மெய்வருவாயும் பங்கின் மதிப்பும்

ஒரு பங்கின் விலை அதன் லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்று கேட்பது பங்குச் சந்தையின் மிகப் பழைய வழக்கம். இக்கேள்வியில் விலை என்பது ஐயத்துக்கு இடமற்றது. அன்றன்று சந்தையில் எழுதப்பட்டு எல்லோர் கண்ணிலும் படுவது. லாபம் என்பதோ, எந்த ஆண்டின் லாபம், எந்த நாணய மதிப்பில் அளந்த லாபம் என்ற இரு வினாக்களுக்கும் விடை கூறிய பின்னரே பொருள் பெறுவது. இவ்விரண்டையும் கேளாமல், கடந்த பன்னிரண்டு மாத லாபத்தை அப்படியே எடுத்து வகுப்பவர் எத்தகைய விபரீத முடிவுக்கு வர நேரும் என்பதற்கு 2009 ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவ்வாண்டு மார்ச் 9 அன்று அமெரிக்காவின் எஸ் அண்டு பி 500 குறியெண் 676 புள்ளியில் முடிந்தது. 2007 அக்டோபரில் அது எட்டியிருந்த 1,565 என்ற உச்சத்தின் பாதிக்கும் கீழான நிலை அது. ஆயினும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அடைந்த நஷ்டத்தால் லாபம் விலையைக் காட்டிலும் வேகமாகக் கரைந்துபோனமையால், அடுத்த சில மாதங்களில் விலை-லாப விகிதம் 100ஐத் தாண்டி நின்றது. பங்குகள் மலிந்து கிடந்த வேளையில் அவற்றின் விலை வரலாறு காணாத ஏற்றத்தில் இருப்பதாக அந்த அளவுகோல் சாட்சி சொல்லிற்று.

பத்தாண்டு லாபத்தை விலைவாசிக்கேற்பத் திருத்திச் சராசரி காணும் முறை இக்குறைக்கு மாற்றாக எழுந்தது. அதே மார்ச் மாதத்தில் அம்முறைப்படி கணித்த விகிதம் சுமார் 13. நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் சராசரியான 17க்குத் தாழ்ந்தது. இம்முறையைப் போற்றுவோர் அதை எதிர்காலம் காட்டும் கருவியாகவும், தூற்றுவோர் பொய்த்துப்போன ஜோசியமாகவும் கொள்வர். இரு சாராரும் அதன் இயல்பை ஒருபுறமாகவே நோக்குகின்றனர் என்பதும், தனியொரு கம்பெனியின் பங்கை மதிப்பிடுமிடத்து இச்சராசரி விலையைத் தீர்மானிக்கும் பிரமாணமாக அன்றி, நிரூபிக்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்று காட்டும் நியதியாகவே பயன்படத் தக்கது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முறையின் பிறப்பு

1929 செப்டம்பர் 3 ஆம் நாள் 381 புள்ளியில் நின்ற டௌ ஜோன்ஸ் தொழிற்குறியெண் 1932 ஜூலை 8 அன்று 41க்கு இறங்கியது. அந்தச் சரிவின் நிழலில், 1934 இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும் வெளியிட்ட பங்குப் பத்திர ஆய்வு நூல், ஓராண்டு லாபத்தை நம்பி விலை கூறும் பழக்கத்தைக் கண்டித்து, ஐந்தாண்டுக்குக் குறையாத, கூடுமானால் ஏழு அல்லது பத்தாண்டுச் சராசரியைக் கொள்ள வேண்டும் என்று விதித்தது. நன்செய் நிலம் வாங்குவோன் ஒரு போகத்து விளைச்சலைக் கண்டு விலை பேசாமல், மழை பொய்த்த ஆண்டையும் வெள்ளம் புகுந்த ஆண்டையும் சேர்த்தே விசாரிப்பதில் உள்ள விவேகமே இவ்விதியிலும் உள்ளது. எனினும் அவ்விருவர் சராசரியில் பணவீக்கத்துக்கான திருத்தம் இல்லை. விலைவாசி வீழ்ந்திருந்த அக்காலத்தில் அதன் தேவை அத்துணை உறுத்தவுமில்லை.

ஜான் கேம்பெலும் யேல் பல்கலைக்கழகத்து ராபர்ட் ஷில்லரும் 1988 இல் வெளியிட்ட ஆய்வே அத்திருத்தத்தைச் சேர்த்து, அம்முறையைச் சந்தை முழுமைக்கும் விரித்தது. கணக்கு எளிது. ஒவ்வோர் ஆண்டின் பங்கு வீத லாபத்தையும் அவ்வாண்டின் விலைவாசிக் குறியெண்ணால் வகுத்து, இன்றைய குறியெண்ணால் பெருக்கி, பத்தையும் கூட்டிச் சராசரி கண்டு, இன்றைய விலையை அதனால் வகுப்பதே ஷில்லர் விகிதம். 1871 முதலான அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் இதைப் பொருத்திப் பார்த்தபோது, விகிதம் உயர்ந்திருந்த காலங்களில் பங்கு வாங்கியோர் அடுத்த பத்தாண்டில் அடைந்த ஆதாயம் பொதுவாகக் குறைந்தும், தாழ்ந்திருந்த காலங்களில் வாங்கியோர் அடைந்தது மிகுந்தும் இருக்கக் கண்டனர்.

நாணயத்தின் மயக்கம்

பணவீக்கத் திருத்தம் வெறும் அலங்காரம் அன்று என்பதை 1972க்கும் 1982க்கும் இடைப்பட்ட பத்தாண்டு உணர்த்தும். 1972 இல் எஸ் அண்டு பி குறியெண்ணின் லாபம் சுமார் 6.4 டாலர், 1982 இல் சுமார் 12.6 டாலர். ஏட்டளவில் இது ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் இதே காலத்தில் நுகர்வோர் விலைக் குறியெண் 41.8இலிருந்து 96.5க்கு, அதாவது 2.3 மடங்காக, ஏறிவிட்டது. 1972 ஆம் ஆண்டின் லாபத்தை 1982 ஆம் ஆண்டு டாலரில் சொன்னால் அது 14.8 ஆகும். வளர்ந்ததாகத் தோன்றிய லாபம் உண்மையில் தேய்ந்திருந்தது. பழைய லாபங்களைத் திருத்தாமல் சராசரி காண்பவர், சிறுத்துப்போன டாலரையும் பெருத்திருந்த டாலரையும் ஒன்றாகக் கூட்டுகிறார். அதனால் கம்பெனியின் சம்பாதிக்கும் திறனைக் குறைவாக மதித்துப் பங்கு விலையேறியதென்று கருதிவிடுகிறார். திருத்திய விகிதம் 1982 ஆகஸ்டில் 7க்கும் கீழே இருந்தது. அதன் பின் தொடங்கிய நெடிய ஏற்றம் பதினெட்டு ஆண்டுகள் நீடித்தது.

இவ்விடத்தில் மேலும் நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. பணவீக்கம் ஆண்டுகளுக்கிடையே மட்டுமன்றி, ஓராண்டின் கணக்குக்குள்ளேயே லாபத்தைத் திரிக்க வல்லது. பழைய விலையில் வாங்கிய இயந்திரத்துக்குப் பழைய விலையிலேயே தேய்மானம் கழிப்பதால் லாபம் மிகைப்படுகிறது. கடன்பட்ட கம்பெனி செலுத்தும் உயர் வட்டி முழுவதும் செலவாக எழுதப்பட, அக்கடனின் உண்மைப் பாரம் ஆண்டுதோறும் கரைவது வரவில் எழுதப்படாமையால் லாபம் குறைபடுகிறது. 1979 இல் ஃபிராங்கோ மொடிக்லியானியும் ரிச்சர்ட் கோனும் முதலீட்டாளர்கள் இவற்றுள் பின்னதை உணராமையாலும், மெய்யான லாபத்தைப் பெயரளவு வட்டி கொண்டு மதிப்பதாலும் அமெரிக்கப் பங்குகள் அளவுக்கு மீறி மலிந்துவிட்டன என்று வாதித்தனர். விலைவாசிக் குறியெண்ணால் பெருக்கும் திருத்தம் இந்த உட்பிழைகளைக் களைவதில்லை. நாணய மயக்கத்தைப் பற்றி 1928 இல் ஒரு நூலே இயற்றிய இர்விங் ஃபிஷர், மறு ஆண்டே, பங்கு விலைகள் என்றும் இறங்காத உயர் நிலையை அடைந்துவிட்டன என்று அறிவித்து, அடுத்து வந்த வீழ்ச்சியில் தம் செல்வத்தையும் இழந்தார். ஒரு மயக்கத்திலிருந்து தெளிந்தவர் எல்லா மயக்கங்களிலிருந்தும் தெளிந்தவர் ஆகார் என்பதற்கு இதனினும் கடுமையான உதாரணம் கிடைப்பது அரிது.

காலத்தைக் கூறாத அளவுகோல்

1996 டிசம்பர் 3 அன்று கேம்பெலும் ஷில்லரும் அமெரிக்க மத்திய வங்கியின் ஆட்சிக்குழு முன் தம் ஆய்வை எடுத்துரைத்தனர். இரண்டு நாள் கழித்து அதன் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் பகுத்தறிவுக்கு ஒவ்வாத உற்சாகம் குறித்து வினவிய சொற்பொழிவு உலகப் பிரசித்தம். அப்போது விகிதம் சுமார் 28. அந்த எச்சரிக்கையை ஏற்று விலகியவர் கண்டதென்ன? 1996 இறுதியில் 741 ஆக இருந்த எஸ் அண்டு பி குறியெண், இடையே நேர்ந்த பெருஞ்சரிவையும் கடந்து, 2006 இறுதியில் 1,418 ஆயிற்று. எச்சரிக்கை பொய்த்தது என்றே அவர் சொல்லக்கூடும். மாறாக, விகிதம் 44ஐத் தொட்ட 1999 டிசம்பரில் வாங்கியவரின் கதை வேறு. அன்று 1,469 ஆக இருந்த குறியெண் பத்தாண்டு கழிந்த பின் 1,115 ஆக நின்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் படிப்பவர்க்கு, இவ்விகிதம் கூறுவது காலத்தை அன்று, கொடுக்கும் விலைக்கு ஈடான வருவாயையே என்பது விளங்கும். விகிதத்தைத் தலைகீழாக்கினால் கிடைப்பது மெய்வருவாய் வீதம்: 25 மடங்கு கொடுத்து வாங்குபவர் நூற்றுக்கு 4 வீதமும், 12½ மடங்குக்கு வாங்குபவர் 8 வீதமும் பெறும் உரிமையை வாங்குகிறார். இந்த வீதத்தோடு திருப்தியுறுபவர்க்கு 25 மடங்கு அநியாய விலை அன்று. விலையேற்றத்தால் மேலும் பெருகும் என்று நம்பி வாங்குபவர்க்கே அது ஆபத்து.

ஆக்ஷேபங்கள்

1990களின் தொடக்கத்திலிருந்து, 2008–09 நெருக்கடியின் சில மாதங்கள் நீங்கலாக, விகிதம் பழைய சராசரிக்கு மேலேயே நிலைத்திருப்பது இம்முறைக்கு எதிரான பலமான சான்று. ஒரு தலைமுறைக் காலம் மீளாத விலகலை விலகல் என்றே அழைத்துக்கொண்டிருப்பது தர்க்கத்துக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஜெரமி சீகல் இதற்குக் கணக்கியலில் நேர்ந்த மாறுதலைக் காரணமாகக் கூறினார். சொத்தின் மதிப்பு குறைந்தால் உடனே நஷ்டம் எழுத வேண்டும், ஏறினால் விற்கும்வரை லாபம் எழுதலாகாது என்ற போக்கை 1990களுக்குப் பிந்திய விதிகள் வலுப்படுத்தின. 2002 ஆம் ஆண்டில் ஏஓஎல் டைம் வார்னர் கம்பெனி காட்டிய சுமார் 9,870 கோடி டாலர் நஷ்டம், பெரும்பாலும், கைமாறியபோது மிகையாகக் குறித்த நற்பெயர் மதிப்பைத் தள்ளுபடி செய்ததன் விளைவு. 2008 இன் கடைசிக் காலாண்டில் ஏஐஜி காப்பீட்டு நிறுவனம் ஒன்றே 6,000 கோடி டாலருக்கு மேல் நஷ்டமடைந்து, குறியெண்ணில் தான் வகித்த அற்ப இடத்துக்குச் சிறிதும் பொருந்தாத அளவில் பிற கம்பெனிகளின் லாபத்தை விழுங்கியது. இத்தகைய பள்ளங்கள் பத்தாண்டுவரை சராசரியைத் தாழ்த்தி, விகிதத்தை உயர்த்திக் காட்டும் என்பது சீகலின் வாதம். தள்ளுபடி செய்த பணமும் பங்குதாரர் இழந்த பணமே என்பதும், நற்பெயர் மதிப்பை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கழித்துவந்த பழைய வழக்கத்தை அதே புதிய விதி நீக்கி லாபத்தை உயர்த்தியது என்பதும் எதிர்த்தரப்பின் மறுமொழி.

மற்றோர் ஆக்ஷேபம் கணிதத்தைச் சார்ந்தது. மெய்லாபம் ஆண்டுக்கு 2 வீதம் வளரும் கம்பெனியின் பத்தாண்டுச் சராசரி நடப்பு லாபத்தைவிடச் சுமார் 8 வீதம் குறைந்திருக்கும். 4 வீதம் வளர்ந்தால் சுமார் 16 வீதம் குறைந்திருக்கும். 1982 இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கம்பெனிகள் தம் பங்கைத் தாமே சந்தையில் திரும்ப வாங்குவதற்குப் பாதுகாப்பான விதிமுறை வகுத்த பிறகு, ஈவுத்தொகையாகச் சென்ற பணத்தின் ஒரு பகுதி அவ்வழியில் திரும்பியது. பங்குகளின் எண்ணிக்கை குறையப் பங்கு வீத லாபம் வேகமாக வளர்கிறது. வளர்ச்சி வேகப்படச் சராசரி பின்தங்குகிறது. ஆகவே ஈவு மிகுத்து வழங்கிய அக்கால விகிதத்தையும் இக்கால விகிதத்தையும் நேருக்கு நேர் நிறுத்துவது சமமான ஒப்பீடு ஆகாது. ஷில்லரே பிற்காலத்தில் இதற்கான திருத்தம் ஒன்றைச் சேர்த்தது இவ்வாக்ஷேபத்தின் நியாயத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமானம்.

தனிக் கம்பெனி

சந்தை முழுவதற்கும் வகுத்த இம்முறையைத் தனிக் கம்பெனிக்குப் பொருத்தும்போது கேள்வியே மாறுகிறது. நிலம் பத்தாண்டு கழித்தும் அதே நிலமாகவே இருக்கும், கம்பெனி அவ்வாறன்று. ஃபோர்டு மோட்டார் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 2006, 2007, 2008 ஆகிய மூன்றாண்டுகளில் அது அடைந்த நஷ்டம் ஏறத்தாழ 3,000 கோடி டாலர். அடுத்த மூன்றாண்டுகளில் காட்டிய லாபமும் ஏறத்தாழ அவ்வளவே. மொத்தத்தில் ஒன்றையொன்று ஈடுசெய்வதாகத் தோன்றும். ஆனால் இடையில் புதுப் பங்குகள் வெளியிடப்பட்டு, 2006 இல் இருந்ததைப்போல் அவற்றின் எண்ணிக்கை 2010 இல் ஏறத்தாழ இரு மடங்கானமையால், பங்கு வீதத்தில் பார்த்தால் நஷ்டம் லாபத்தை வெகுதூரம் மிஞ்சி நிற்கிறது. மேலும் 2011 ஆம் ஆண்டில் காட்டிய சுமார் 2,020 கோடி டாலர் லாபத்தில் பாதிக்கு மேற்பட்டது வாகனம் விற்று வந்ததன்று. முன்பு ஐயத்துக்குரியதென ஒதுக்கிய வரிச் சலுகையை மீண்டும் ஏட்டில் ஏற்றியதால் வந்தது. இவற்றோடு, 2008 இல் ஜாகுவார், லாண்ட் ரோவர் இரண்டும் டாடா மோட்டார்ஸுக்கும், 2010 இல் வால்வோ சீனாவின் ஜீலிக்கும் கைமாறின. விற்ற தொழில்களின் பழைய நஷ்டம் ஃபோர்டின் சராசரியில் தங்கிவிட்டது. வாங்கிய டாடா மோட்டார்ஸின் கடந்தகாலச் சராசரியிலோ புதிதாக வந்த தொழிலின் வரலாறே இருக்கவில்லை. இரு கம்பெனிகளின் சராசரியும், அன்று பங்கு வாங்கியவர் எதற்கு உரிமையாளர் ஆனாரோ அதைப் பற்றியவை அல்ல.

ஆதலின் பத்தாண்டுச் சராசரி ஒரு கணக்கு மட்டுமன்று, அது ஓர் அநுமானம்: கடந்த பத்தாண்டின் கம்பெனியும் வரும் பத்தாண்டின் கம்பெனியும் ஒன்றே என்னும் அநுமானம். சந்தை முழுமையில் ஒன்று அழிய மற்றொன்று எழுவதால் அவ்வநுமானம் ஓரளவு தானே நிறைவேறுகிறது. தனிக் கம்பெனியில் அதை நிறுவ வேண்டியிருக்கிறது. ஏற்ற இறக்கம் மாறிமாறி வரும் உருக்கு, சிமெண்டு, வாகனம் போன்ற தொழில்களில், மூலதன அமைப்பும் தொழிலின் உருவமும் பெரிதும் மாறாதவிடத்து, சராசரியின் சாட்சியம் வலுவுடையது. தேய்ந்துவரும் தொழிலில் அது பழைய பெருமையைக் காட்டி மலிவென்று மயக்கும். நேற்றுத் தோன்றிய கம்பெனியில் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நிரூபணப் பொறுப்பு

அநுமானம் உறுதியற்றது என்பதால் முறையையே கைவிட வேண்டும் என்பது அடுத்துக் கேட்கும் வாதம். அது பிழை; ஏனெனில் ஓராண்டு லாபத்தை வைத்து மதிப்பிடுபவரும் அநுமானம் செய்யாதவர் அல்லர். அந்த ஓராண்டே என்றென்றும் நீடிக்கும் என்ற, அதனினும் துணிவான அநுமானத்தை, அநுமானம் என்று உணராமலே அவர் செய்கிறார். பத்தாண்டுச் சராசரியின் சிறப்பு, தன் அநுமானத்தை வெளிப்படையாக வைத்து அதைச் சோதிக்க இடந்தருவதில் உள்ளது. சராசரி லாபத்துக்கும் நடப்பு லாபத்துக்கும் உள்ள இடைவெளி எதனால் வந்தது என்று பகுத்துச் சொல்ல வேண்டியவர், அந்த இடைவெளிக்கு விலை கொடுக்கச் சொல்பவரே. பங்குகளின் எண்ணிக்கை மாறியதால் வந்ததா, கணக்கேட்டில் ஒருமுறை எழுதிய பதிவால் வந்ததா, விற்ற தொழிலால் வந்ததா, சரக்கின் விலையேற்றத்தால் வந்ததா, அல்லது போட்டியாளர் எளிதில் பறிக்க இயலாத திறமையால் வந்ததா என்று அவர் காட்டட்டும். முதல் மூன்று காரணங்கள் சராசரியைத் திருத்தும்படி கேட்பவை. நான்காவது சராசரியையே நம்பும்படி கேட்பது. ஐந்தாவது மட்டுமே சராசரிக்கு மேல் விலை கொடுப்பதை நியாயப்படுத்துவது. அதை நிரூபிக்க இயலாத இடத்தில் வாங்குபவர் சராசரிக்குரிய விலைக்கு மேல் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர்.