ஒரே ஆங்கிலம், இரண்டு அளவுகோல்

1951 ஏப்ரல். கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் இருந்த பிரிட்டனின் 29ஆவது பிரிகேடைச் சீனப் படைகள் நெருக்கிக்கொண்டிருந்தன. நிலவரம் எப்படி என்று அமெரிக்க மேலதிகாரி ராபர்ட் சோல் கேட்டார். பிரிகேடியர் தாமஸ் பிரோடி, ‘கொஞ்சம் ஸ்டிக்கியாக இருக்கிறது, சார்’ என்றார். கொரியப் போரை எழுதியவர்கள் பலரும் தவறாமல் சொல்லும் உரையாடல் இது. ஒரு பிரிட்டிஷ்காரர் காதில் அந்தச் சொல் ‘நிலைமை கைமீறுகிறது’ என்று விழுந்திருக்கும். அமெரிக்கருக்கோ ‘சமாளித்துவிடுவார்கள்’ என்றுதான் கேட்டது. அந்தப் பிரிகேடைச் சேர்ந்த குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் குன்றின்மேல் தனித்து மாட்டிக்கொண்டது. 500க்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டார்கள். பழி முழுவதையும் ஒரு சொல்லின்மேல் போட முடியாது. மீட்கப் போன டாங்கிகள் குறுகலான மலைப்பாதையில் அடிபட்டு நின்றுபோனதும் உண்மை. ஆனாலும், இரண்டு தளபதிகள் ஒரே மொழியில் பேசி, ஒரே வாக்கியத்தில் இரண்டு வெவ்வேறு போர்களைப் பார்த்தார்கள்.

ஆங்கிலப் பெயரடைகளைக் கற்பிக்கும் புத்தகங்கள் தொடாமல் விடும் இடம் இதுதான். ‘பிக்’ என்பதைவிட ‘ஹியூஜ்’ பெரிது, ‘ஹியூஜ்’ என்பதைவிட ‘எனார்மஸ்’ கனமானது என்று அவை வரிசை போட்டுத் தருகின்றன. அந்த வரிசையை எந்தக் கோலால் அளப்பது என்பது மட்டும் லண்டனுக்கும் சிகாகோவுக்கும் வேறு வேறு.

அமெரிக்க அன்றாடப் பேச்சில் தொடக்கப் புள்ளியே உயரம். நலமா என்று கேட்டால் ‘கிரேட்’. காபி சொன்னால், பரிமாறுபவர் ‘ஆஸம்’ என்பார். உங்கள் வேலையை மேலாளர் வெறுமனே ‘குட்’ என்றால் ஏதோ குறை இருக்கிறது என்று பொருள். பாராட்டு என்றால் ‘அமேசிங்’, ‘இன்கிரெடிபிள்’, ‘ஃபன்டாஸ்டிக்’ இவற்றில் ஒன்றாவது வர வேண்டும். இதில் போலித்தனம் இருப்பதாக ஐரோப்பியர்கள் குறைப்படுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பின் தெரியாதவரிடமும் மனதைத் திறந்து உற்சாகப்படுத்துவது அங்கே மரியாதையின் ஒரு வடிவம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எல்லாமே ‘ஆஸம்’ ஆகிவிட்டால், உண்மையிலேயே வாயடைத்துப் போகும்போது சொல்ல ஒன்றும் மிஞ்சாது. ரூபாயின் மதிப்பு இறங்க இறங்க பெரிய நோட்டு தேவைப்படுவது போலத்தான் ‘எபிக்’, ‘இன்சேன்’ என்று புதுச் சொற்கள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கின்றன.

பிரிட்டனில் ‘நாட் பேட்’ என்பது நல்ல பாராட்டு. ‘ராதர் குட்’ அதற்கும் மேலே. இதை வைத்து, பிரிட்டிஷார் வலுவான சொற்களையே தொடமாட்டார்கள் என்று முடிவுகட்டினால் தவறு. காலை மிதித்துவிட்டால் ‘டெரிப்ளி சாரி’ என்பார்கள். விருந்துக்கு அழைத்தால் ‘ஆஃபுலி கைண்ட்’. பழைய மேட்டுக்குடிப் பேச்சில் ‘ஃப்ரைட்ஃபுலி’யும் ‘காஸ்ட்லி’யும் சர்வ சாதாரணம், இந்தக் ‘காஸ்ட்லி’க்கும் விலைக்கும் தொடர்பில்லை, படுமோசம் என்பது பொருள். இன்று கடைக்காரர் சில்லறை வாங்கிக்கொண்டே ‘பிரில்லியன்ட்’ என்பார், ‘லவ்லி’ என்பார். அச்சமும் பயங்கரமும் ஊறிய சொற்களை அவர்கள் அற்ப விஷயங்களுக்குச் செலவழித்துவிட்டு, ஆபத்து வரும்போது மெல்லிய சொற்களை எடுக்கிறார்கள்.

1982 ஜூன் 24 அன்று ஜாவா தீவுக்கு அருகே பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம், கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் புகுந்தது. கேப்டன் எரிக் மூடி ஒலிபெருக்கியில் பயணிகளிடம் பேசினார்: சின்னப் பிரச்சினை ஒன்று, நான்கு என்ஜின்களும் நின்றுவிட்டன, அவற்றை மறுபடி இயக்க எங்களால் ஆனதையெல்லாம் செய்கிறோம், நீங்கள் மிகவும் கலங்கிவிடவில்லை என்று நம்புகிறேன். விமானம் பிறகு ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது. ‘சின்ன’ என்ற அந்தப் பெயரடை பொய் சொல்லவில்லை, ஏனென்றால் அடுத்த வாக்கியமே முழு உண்மையையும் போட்டு உடைத்தது. பிரோடியின் பதிலில் இல்லாமல் போனது அந்த இரண்டாம் வாக்கியம்தான். மென்சொல்லை ஆள்பவர் கூடவே தகவலையும் கொடுத்தாக வேண்டும். அதை விட்டால், கேட்பவர் தன் ஊர்க் கோலால் அளந்துகொள்வார்.

உயிர் பணயத்தில் இருக்கும் தொழில்களில் அமெரிக்கர்களும் குரலைத் தாழ்த்துகிறார்கள். 1970இல் அப்பல்லோ 13இன் ஆக்சிஜன் கலன் வெடித்தபோது ஹூஸ்டனுக்குப் போன செய்தியில் இருந்தது ‘பிராப்ளம்’ என்ற எளிய சொல்தான், வலுவான பெயரடை ஒன்றுகூட இல்லை. ஆகவே இந்த வேறுபாட்டை நாட்டின் குணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தொழிலும் சூழலும் சேர்ந்தே சொல்லின் எடையைத் தீர்மானிக்கின்றன.

காலமும் எடையை மாற்றுகிறது. பயபக்தியைக் குறித்த ஒரே வேரிலிருந்து வந்தவை ‘ஆஃபுல்’, ‘ஆஸம்’ இரண்டும். முதலாவது 19ஆம் நூற்றாண்டில் ‘மோசம்’ என்று சரிந்தது. இரண்டாவது 1980களில் அமெரிக்க இளைஞர்களின் பேச்சில் ‘பிரமாதம்’ ஆனது. அச்சுறுத்துவதைக் குறித்த லத்தீன் வேரின் இரு பிள்ளைகளான ‘டெரிபிள்’, ‘டெரிஃபிக்’ கதையும் அப்படித்தான். அகராதியில் அருகருகே நிற்கும் உறவினர்கள், பேச்சில் எதிரெதிர் துருவங்கள்.

மருத்துவரான பீட்டர் மார்க் ரோஜே 1852இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுத்தது. நினைவின் நுனியில் நிற்கும் சொல்லைத் தேடி எடுக்க அது அருமையான துணை. ஒரே குடும்பத்துச் சொற்களை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வைக்கலாம் என்று நினைக்கும்போதுதான் சிக்கல். ‘வெரி டயர்ட்’ வேண்டாம், ‘எக்ஸாஸ்டெட்’ என்று எழுது என்னும் பட்டியல்கள் இலக்கண அளவில் சரியானவை: உச்சத்தை ஏற்கெனவே தொட்டுவிட்ட சொல்லுக்கு ‘வெரி’ பொருந்தாது, ‘அப்சல்யூட்லி’ பொருந்தும். களைப்பு, குளிர், பசி ஆகியவற்றுக்கு அந்தப் பட்டியல் போதும். மனிதரையோ அவர் வேலையையோ மதிப்பிடும் சொற்களுக்குப் போதாது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கான பரிந்துரைக் கடிதத்தில் ‘வெரி குட்’ மாணவர் என்று எழுதினால் அவருக்குக் கெடுதல் செய்ததாகலாம். அதே மாணவரை ‘எக்ஸ்ட்ராடினரி’ என்று பிரிட்டிஷ் பேராசிரியருக்கு எழுதினால் அவர் கொஞ்சம் சந்தேகப்படுவார். சென்னையில் உட்கார்ந்து இரு நாட்டு வாடிக்கையாளர்களுக்கும் மின்னஞ்சல் எழுதும் மென்பொருள்காரர்களுக்கு இது அன்றாடத் தேவை. ‘சின்ன ஐயம்’ என்று லண்டனிலிருந்து வரும் மடலைத்தான் அவர்கள் முதலில் திறக்க வேண்டும்.

இரண்டு கோல்களும் ஒரே சொல்லில் மோதுவதையும் சேர்வதையும் பார்க்க வேண்டுமானால் ‘குவைட்’ போதும். ‘குவைட் குட்’ என்றால் பிரிட்டனில் பெரும்பாலும் ‘ஏதோ பரவாயில்லை’. அமெரிக்காவில் ‘ரொம்பவே நன்று’. அதே சொல்லை உச்சச் சொல்லின் முன் வைத்து ‘குவைட் இம்பாசிபிள்’ என்றால், அட்லான்டிக்கின் இரு கரையிலும் பொருள் ஒன்றே: முடியவே முடியாது.